காட்டிக் கொடுத்த குருவி

பறவைக்கும் மிருகத்துக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குத் தெரியவைப்பதைக் 'காட்டிக் கொடுப்பது' என்றுதான் சொல்வார்கள். அம்மா எனக்கு நீந்தக் காட்டிக் கொடுத்தாள், மாமன் கூரை வேயக் காட்டிக் கொடுத்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதைவிட நல்ல சொல் அன்றைக்கு வேறு கிடையாது.

ஒரு பெரிய கண்மாய், அதை ஒட்டிச் செம்மண் பொட்டல். அந்தப் பொட்டலில் நீண்ட மஞ்சள் கால்களோடு ஒரு குருவி இருந்தது. அதற்குக் காட்டி என்று பெயர். நாலு எட்டு ஓடும், நிற்கும், தலையைக் குனிந்து ஓரிடத்தைத் தொடும். நிமிர்ந்து, பார்த்தாயா என்பது போல உன்னைப் பார்க்கும். அவ்வளவுதான் அதன் பாடம். வாய் அதிகம் பேசாது. பேச வேண்டிய தேவையும் வந்ததில்லை. எந்த விதையைத் தின்னலாம், எந்தப் புற்றுக்குப் பக்கத்தில் போகக் கூடாது, மழைக்கு முன்னால் எறும்பு எந்தப் பக்கம் போகும் என்று கௌதாரிக் குஞ்சும் உடும்புக் குட்டியும் அதன் பின்னாலேயே நடந்து தெரிந்துகொண்டன. கேட்டு வந்த யாரையும் அது தெரியாது போ என்று திருப்பி அனுப்பியதில்லை. அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காட்டிக்கு நெருக்கம் என்றால் ஒரு முயல்தான். குட்டி போட்டிருந்த முயல். பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் இரண்டு குட்டிகளையும் இரண்டு இடத்தில், காய்ந்த புல்லுக்குள் பள்ளம் பறித்துப் படுக்கவைத்திருந்தது. ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் பால் கொடுக்க வரும். வரும்போதும் நேராக வராது. சுற்றிச் சுற்றி வந்து, கடைசிப் பத்தடியை ஒரே தாவலாகத் தாவும். மோப்பம் பிடித்து வருகிற நரிக்குத் தடம் அந்த இடத்தோடு அறுந்துபோகும்.

பொட்டல் முழுக்க நடக்கிற காட்டியின் கண்ணுக்கு இது தப்புமா? ஒருநாள் முயலே வந்து கேட்டது.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் அக்கா."

"பாத்தது உன்னோட இருக்கட்டும், என்ன?"

"நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்?" என்றது காட்டி.

அதற்கு அடுத்து வந்த இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. முயல் அந்தப் புல்லை விட்டு வேறெங்கும் போகவில்லை. இரண்டாம் வருஷமும் அதே பள்ளங்களில் இன்னும் இரண்டு குட்டிகளை ஈன்றது. கண்மாய்த் தரை வாய் பிளந்து கிடந்தது. அப்போதுதான் மேற்கேயிருந்து ஒரு குடும்பம் வந்தது. சேவுகன், அவன் மனைவி நாச்சி, ஆறு மாதத்துப் பெண் குழந்தை. அந்தப் பொட்டல் மனிதரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கரையில் நின்ற கருவேல மரத்தடியில் பனையோலையைச் சாய்த்து ஒரு குடிசை போட்டார்கள். சேவுகன் நாள் முழுக்கத் தண்ணீர் தேடி அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். நாச்சிக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

காட்டி இதைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் கண்மாய்க்குள் ஓடியது. நாலு எட்டு, நின்றது. நாலு எட்டு, நின்றது. ஓரிடத்தில் குனிந்து அலகால் மண்ணைக் கொத்திவிட்டு நிமிர்ந்து நாச்சியைப் பார்த்தது.

"ஏங்க, அந்தக் குருவி என்னமோ காட்டுதுங்க" என்றாள் நாச்சி.

சேவுகன் கம்பால் தோண்டினான். ஒரு கை ஆழத்தில் மண் குளிர்ந்தது. இரண்டு கை ஆழத்தில் ஊற்று கசிந்தது. நாச்சி முதல் கை நீரைக் குழந்தையின் உதட்டில் நனைத்தாள். தான் குடிப்பதற்கு முன்னால் ஒரு கல்லின் குழியில் கொஞ்சம் ஊற்றி, "நீ குடி தாயி, காட்டிக் குடுத்த மகராசி" என்றாள். காட்டிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதுவரை அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை.

அன்றிலிருந்து அது தினமும் வந்தது. கோரைக் கிழங்கு எங்கே கிடக்கும், எந்தக் கீரை கசக்காது, எந்த மரத்துப் பழம் வயிற்றைக் கெடுக்காது எல்லாம் காட்டியது. நாச்சி ஒரு தடவை பார்த்தால் போதும், பிடித்துக்கொள்வாள். குஞ்சுகளுக்கு ஏழெட்டுத் தடவை காட்ட வேண்டியதை இவள் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வது காட்டிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் நாச்சி குழந்தையை மரத்தடியில் கிடத்திவிட்டுக் கிழங்கு தோண்டப் போனாள். திரும்பிப் பார்த்தால் குழந்தைக்குப் பத்தடியில் ஒரு நரி மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கல்லை எடுத்து வீசி, கத்தி, ஓடி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டுத் தோண்ட முடியல. கீழ விட்டா நரி வருது. நான் என்ன பண்ணட்டும்?" என்று காட்டியிடம் கேட்டாள். "உங்க கூட்டத்துல எல்லாம் பிள்ளைய வச்சுட்டுத்தான போறீங்க? எப்படி ஒளிச்சு வைக்கிறீங்க? எனக்குக் காட்டிக் குடு."

காட்டி யோசித்தது. அதற்குத் தெரிந்து அந்தப் பொட்டலில் முயலைப் போல ஒளித்து வைக்கிறவர்கள் வேறு யாரும் இல்லை. முயல் மேயப் போயிருந்தது. அது வரும் வரை காத்திருந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுமோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. 'யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னுதான சொன்னேன். இப்பவும் சொல்லலையே. ஒளிக்கிற விதத்தைத்தான காட்டப் போறேன்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது.

நாலு எட்டு ஓடியது. நின்றது. நாச்சி பின்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால், கையில் கம்போடு சேவுகனும் வந்தான்.

முதல் பள்ளத்தின் பக்கத்தில் காட்டி குனிந்து நிமிர்ந்தது. புல்லுக்குள் புல்லாகக் காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி கிடந்தது. மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. இரண்டையும் எவ்வளவு தள்ளித் தள்ளி வைக்க வேண்டும் என்று நாச்சிக்குப் புரிய வேண்டுமே என்று இரண்டாவது பள்ளத்தையும் காட்டியது.

"அடி ஆத்தி, எவ்வளவு அழகா வச்சிருக்கா!" என்றாள் நாச்சி. தொடவில்லை. கையைக்கூட நீட்டவில்லை.

மறுநாளே அவள் ஒரு பள்ளம் பறித்து, நிழல் பார்த்து, அதே நிறத்துப் புல்லைப் பரப்பினாள். குழந்தைக்கு வயிறு நிறையக் கொடுத்துத் தூங்கவைத்துப் படுக்கவைத்தாள். முயலைப் போல அவளால் தாவ முடியாதல்லவா? அதனால் பத்தடிக்குக் கற்களைப் போட்டு, தரையில் கால் படாமல் கல் மேல் கல்லாக நடந்து வந்தாள். அன்று மாலை அந்த நரி இரண்டு முழத்துக்குப் பக்கத்தில் வந்து, மோந்து பார்த்து, ஒன்றும் புரியாமல் போனது. நாச்சி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். காட்டி அன்று பொட்டல் முழுக்கத் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

ஒரு மாதம் போனது. கிழங்கு தீர்ந்தது. கீரை கருகியது. நாச்சி காய்ச்சலில் விழுந்தாள். எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. குழந்தை வற்றிய மார்பைச் சப்பிச் சப்பிக் களைத்தது. சேவுகன் மூன்று நாள் எங்கெங்கோ போய் வெறுங்கையோடு திரும்பினான். நாலாம் நாள் காலையில் அவன் தூரமாக எங்கும் போகவில்லை.

காட்டி அன்று கண்மாயின் மறுகரையில் இருந்தது. வெயில் ஏறித் திரும்பி வந்தபோது, குடிசை முன்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த பழுப்பு நிற ரோமத்தைப் பார்த்ததும் அதன் கால் அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணே, என்ன பண்ணிட்டீங்க?"

சேவுகன் தலையைத் தூக்கவில்லை. "கஞ்சி வச்சேன். அவளுக்குக் குடுத்தேன். இப்பதான் கண்ணைத் தொறந்தா."

"பிள்ளைய ஒளிச்சு வைக்கத்தான அத நான் காட்டுனேன்?"

"அதுக்குத்தான் நானும் வந்து பாத்தேன். உம்மேல சத்தியமா, அன்னைக்கு வேற நெனப்பே கெடையாது." அவன் அடுப்பு விறகை உள்ளே தள்ளினான். "ஆனா எடம் கண்ணுல விழுந்துருச்சு. விழுந்தத எப்படி மறக்கச் சொல்ற? காட்டுனத நீ திரும்ப வாங்கிக்கிருவியா?"

அவன் பொய் சொல்லவில்லை என்பது காட்டிக்குத் தெரிந்தது. அவன் பொய்யனாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

பால் கொடுக்கும் நேரத்துக்கு முயல் வந்தது. சுற்றிச் சுற்றி வந்தது. கடைசிப் பத்தடியைத் தாவியது. பள்ளத்தில் ஒன்றுமில்லை. அடுத்த பள்ளத்துக்குப் போனது. அங்கும் இல்லை. மறுபடி முதல் பள்ளத்துக்கு வந்து, புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தது. மடியில் பால் கட்டி, அது நடக்கும்போதே சொட்டியது. ஒரு நாளும் வெட்டவெளியில் நிற்காத முயல், பொட்டலின் நடுவில் வந்து நின்றது. கௌதாரியும் உடும்பும் மான்களும் கூடிவிட்டன.

"ரெண்டு எடத்துலயும் இல்ல" என்றது முயல். "நரி வந்த தடம் இல்ல. நேரா நடந்து வந்த தடம் இருக்கு. எடம் தெரிஞ்சு வந்திருக்காங்க. யாரு?"

காட்டி முன்னால் வந்தது. அதற்குத் தெரிந்த சொல் அந்த ஒன்றுதான்.

"நான்தான் அக்கா காட்டிக் கொடுத்தேன்."

அது அந்தச் சொல்லை எப்போதும் சொல்கிற அர்த்தத்தில்தான் சொன்னது. ஒரு தாய்க்குப் பிள்ளையை ஒளித்து வைக்கக் கற்றுத் தந்தேன் என்று சொல்ல நினைத்தது. ஆனால் வாயை விட்டு வெளியே வந்தபோது அந்தச் சொல் வேறாகிவிட்டது. சொன்ன காட்டிக்கே அது கேட்டது.

"காட்டிக் குடுத்துட்டியா?" என்று முயல் மெதுவாகக் கேட்டது. அவ்வளவுதான். கோபப்படவில்லை. திரும்பிப் போய்விட்டது. அப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை.

மறுநாள் காலையில் ஒரு கௌதாரிக் குஞ்சு வழக்கம் போல ஓடி வந்தது. அதன் தாய் பாய்ந்து வந்து மறித்தது. "அதுக்கிட்டப் போகாதே. காட்டிக் குடுத்துரும்."

நேற்றுவரை இதே தாய்தான், "போ, அதுக்கிட்டப் போனா நல்லாக் காட்டிக் குடுக்கும்" என்று குஞ்சுகளை அனுப்பியது. காட்டி அங்கேயே நின்றது. அன்று முழுக்க அது இரையெடுக்கவில்லை. அழுது அழுது கண்ணோரம் சிவந்தது. அந்தச் சிவப்பு பிறகு ஆறவே இல்லை.

சில நாள் கழித்துச் சேவுகன் கம்போடு மறுபடி புல் பக்கம் வந்தான். அங்கே கௌதாரி அடைகாத்துக்கொண்டிருந்தது. காட்டி மேலே எழும்பிப் பறந்து, வாழ்நாளில் முதல் தடவையாகக் கத்தியது. பழக்கமில்லாத குரல் பிசிறடித்தது. விட்டு விட்டுக் கத்தியது. ஆள்! ஆள்! அங்கே பார், ஆள்! கௌதாரி எழுந்து ஓடியது. மான்கள் ஓடின. எங்கேயோ ஒரு புதருக்குள்ளிருந்து ஒரு முயலும் ஓடியது. அந்த முயல்தானா என்று காட்டிக்குத் தெரியவில்லை. ஓடியவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடித் தப்பித்தார்களே, அது போதும் என்று காட்டி நினைத்துக்கொண்டது.

ஐப்பசியில் மழை கொட்டியது. கண்மாய் நிறைந்தது. நாச்சி தேறி எழுந்தாள். நடந்ததெல்லாம் அவளுக்கு அப்போதுதான் தெரியவந்தது. ஒரு சுரைக்குடுக்கையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பொட்டலுக்கு வந்து, கல்லின் குழியில் ஊற்றினாள்.

"தாயி, எம்பிள்ள உசுரோட இருக்குறது உன்னாலதான். ஒரு வாய் குடிச்சுட்டுப் போ."

காட்டி அவள் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தியது. அவள் நல்லவள் என்று அதற்குத் தெரியும். நல்லவர்களுக்கென்று ஒருதடவை வாயை மூடினால் அடுத்த தடவையும் மூட வேண்டிவரும் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. அவள் கரையைத் தாண்டும்வரை கத்திக்கொண்டே இருந்தது.

நாச்சியின் மகள் வளர்ந்தாள். அவளுக்கு நாச்சி எல்லாம் கற்றுத் தந்தாள். ஆனால் எதையும் கை நீட்டிக் காட்டவில்லை. "உக்காரு, சொல்லிக் குடுக்குறேன்" என்று உட்காரவைத்து, வாயால் சொல்லியே கொடுத்தாள். பழைய சொல்லை அவள் நாக்கு மறுத்தது. பிறகு அங்கே குடிவந்தவர்களும் அதைக் கேட்டு அப்படியே பேசப் பழகினார்கள். கரையோரம் ஊர் பெருகியது. ஊர் பெருகப் பெருக, அந்தச் சொல்லின் பழைய அர்த்தம் யாருக்கும் நினைவில்லாமல் போனது. காட்டி என்ற பெயரும் மாறி ஆள்காட்டி ஆகிவிட்டது.

அதற்குக் கூடு கட்டும் காலமும் வந்தது. புதரும் புல்லும் எத்தனையோ இருந்தன. இன்னொருவர் மறைவிடத்தைத் திறந்துவிட்ட நான் எந்த முகத்தோடு மறைவிடம் தேடுவேன் என்று நினைத்ததோ என்னவோ, வெறுந்தரையில் நாலு சரளைக்கற்களை ஒதுக்கி, வானம் பார்க்க முட்டையிட்டது.

அந்த வருஷம் தொடங்கித்தான் ஆள்காட்டிக் குருவி, இரவென்றும் பகலென்றும் பாராமல், மனிதத் தலை தெரிந்தால் கத்தித் தீர்க்கிறது. அதன் முட்டைகள் இன்றும் வெட்டவெளிக் கற்களோடு கற்களாகத்தான் கிடக்கின்றன. எந்தத் தாயும் தன் பிள்ளையிடம், வா, காட்டிக் கொடுக்கிறேன் என்று இன்றுவரை சொல்வதில்லை.