மிஞ்சி நின்ன வீரணன்

உக்காருங்க, உக்காருங்க. நான் சொல்றதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் என் மீசை உதிர்ந்து போகட்டும். மீசையே இல்லையேன்னு சிரிக்காதீங்க, அது போன கதைக்கு உதிர்ந்தது.

முன்னொரு காலத்துல ஒரு ராஜா. அவருகிட்ட ரெண்டாயிரத்து ஐநூத்தி இருபத்தோரு வீரனுங்க. நெட்டை முன்னால, குட்டை பின்னால, அப்படித்தான் நிப்பாங்க. முதல் ஆளு சேனாபதி செம்பகராயன், ராஜாவோட மச்சான், பனைமர உசரம். கடைசி ஆளு வீரணன். பேருல இருந்த நீளம் ஆளுல இல்ல.

திருவிழாவுக்குப் படை கோட்டை வாசல்ல நுழையணும். ஒரு வரிசையிலகூட ஆளு குறையக்கூடாதுன்னுட்டாரு ராஜா.

ரெண்டு ரெண்டா நின்னாங்க. வீரணன் மிஞ்சினான்.

மூணு மூணா நின்னாங்க. வீரணன் மிஞ்சினான்.

நாலு, அஞ்சுன்னு பத்து வரைக்கும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. வீரணன், வீரணன், வீரணன்!

"இவன் தரித்திரம் புடிச்சவன் மாமா, தொரத்துங்க" அப்படின்னான் செம்பகராயன்.

"பொழுது சாயறதுக்குள்ள எல்லையைத் தாண்டுடா" அப்படின்னாரு ராஜா.

வீரணனுக்கு வீட்டுல பொண்டாட்டி நெறமாசம். அவளை நடக்க வைக்கவா, விட்டுட்டுப் போகவா? நான் என்னத்தப் பண்ணேன்? சும்மா நின்னேன், அவ்வளவுதானே. இதே இடத்துல வேற எவனாச்சும் நின்னிருந்தா?

அங்கதான் பொறி தட்டிச்சு.

"போறேன் சாமி. அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை, குட்டை முன்னால, நெட்டை பின்னால நிக்க வச்சுப் பாருங்க."

நின்னாங்க. ரெண்டு ரெண்டா, மச்சான் மிஞ்சினான். மூணு மூணா, மச்சான் மிஞ்சினான். ஏழு ஏழா, மச்சான் மீசையைத் தடவிக்கிட்டுத் தன்னந்தனியா!

"எல்லைக்கு எந்தப் பக்கம் போகணும் சேனாபதி?" படைக்குள்ளேருந்து எவனோ கேட்டான்.

"சாமி, இந்த எண்ணோட குணம் அது" அப்படின்னான் வீரணன். "ஒண்ணைக் கழிச்சா ரெண்டுலேருந்து பத்து வரைக்கும் எல்லாத்துக்கும் அடங்கும். கழிக்கலைன்னா ஒண்ணுக்கும் அடங்காது. யாரையாச்சும் ஒருத்தரைத் தொரத்தினா வரிசை சரியாயிரும். யாருன்னு நீங்களே சொல்லுங்க."

ராஜா மச்சானைப் பாத்தாரு. அந்தப்புரத்துல இருக்குற ராணியை நெனச்சாரு.

அப்புறம் சொன்னாரு: "யாரும் போக வேண்டாம். மிஞ்சுற ஒத்தை ஆளு முன்னால கொடி புடிச்சுப் போகட்டும். இந்த வருஷம் வீரணன்."

அன்னிக்குக் கோட்டை வாசல்ல கொடி தானா நடந்து வந்த மாதிரி இருந்துச்சாம். கீழ குனிஞ்சு பாத்தாத்தான் வீரணன் தெரிஞ்சான். அவன் பொண்டாட்டி மட்டும் குனியாமலே கண்டுபுடிச்சுட்டா.

ஆக நீதி என்னன்னா, ஒருத்தன் மிஞ்சி நிக்கிறது எண்ணோட குணமா இருக்கும்போது, அதை நின்னவன் குத்தமாக்கக் கூடாது.

சரி, என் கூலி. அந்த முறுக்குத் தட்டை உங்களுக்குள்ள சமமா பங்கு போடுங்க, மிஞ்சுறது எனக்கு. ஒண்ணும் மிஞ்சலைன்னா உங்களுக்கு எண்ணத் தெரியலைன்னு அர்த்தம். தட்டை அப்படியே இங்க தள்ளுங்க.