இரண்டு வீட்டுக்காரி

தந்தையின் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்றொரு சட்டம் கொண்டுவர மரகதபுரி அரசர் எண்ணினார். மந்திரி வேலப்பர் துள்ளி எழுந்தார்.

"பெண்ணுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று ஏற்கெனவே இரண்டு வீடுகள், அரசே! பங்கு வேறு எதற்கு? மறுத்துப் பேச ஆளுண்டா? இல்லையென்றால் சட்ட ஓலையைக் கிழித்துவிடலாம்."

சாமரம் வீசிய செங்கமலத்தின் கை நின்றது. அண்ணன் சுருட்டிக்கொண்ட தென்னந்தோப்பில் அவள் பங்கு கிடைப்பது அந்த ஓலையில்தான் இருந்தது.

"ஒரு சந்தேகம், மந்திரி சாமி. தாங்கள் வீட்டோடு மாப்பிள்ளைதானே?"

"ஊரறிந்தது. அதற்கென்ன?"

"அப்படியானால் தங்களுக்கும் பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று. பிறந்த வீட்டுப் பங்கைத் தம்பிக்கே விட்டுவிட்டீர்களா?"

"விடுவேனா? அது என்னைப் பெற்ற அப்பன் சொத்தடி!"

"எங்களையும் அப்பன்தான் பெற்றார், சாமி."

அரசர் சிரித்த சிரிப்பில் முத்திரை கோணலாக விழுந்தது. சட்டம் நேராக நின்றது.