முறைப்படி புறப்பட்ட புறா

புலியங்கோட்டை ராஜா மருதப்பர், மாமனார் ஊரான நெல்லிக்காவூரில் விருந்து சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார். ராணி அங்கேயே தங்கிவிட்டாள். சுகமாக வந்து சேர்ந்த சேதியைச் சொல்ல, காலைப் பலகாரம் முடித்ததும் ஒரு புறாவைப் பறக்கவிட்டார். மத்தியானத்துக்கு இலை போடுமுன் வேறொரு புறா பதிலோடு வந்து இறங்கியது. நீங்கள் ஒன்பது நாள் போன வழியைப் புறா ஒரே மூச்சில் வந்துவிட்டதே என்று ராணி கேட்டிருந்தாள். அதற்கப்புறம் மனுஷனுக்குச் சோறு இறங்குமா?

தளவாய் ஏகாம்பரத்துக்கு அடுத்தவர் பிழைப்பில் மண் போடுவதென்றால் கொண்டாட்டம். உடனே கணக்குப் போட்டார். வான்வழி எட்டுக் காதம், சாலைவழி பத்து. நிதானமாகத் தூக்கினாலும் பல்லக்குக்கு மூன்று நாள் போதும், மிச்ச நாளெல்லாம் தூக்கிகள் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள் என்றார். பல்லக்குக்குள்ளேயே இருந்த ராஜாவும் ஆமாம் என்று தலையாட்டினார். வழி நெடுகத் தூங்கியது யார் என்று அவரிடம் எவன் சொல்வது?

தூக்கிகள் நாலு பேரும் கொட்டடிக்குப் போனார்கள். அவர்களுடைய மானிய நிலத்தைப் பிடுங்கவும் உத்தரவாயிற்று.

சபை விகடகவி அனவரதன் அந்த உத்தரவைக் கேட்டான். அந்த நிலம் போனால் நாலு வீட்டிலும் அடுப்பெரியாது. அவன் எழுந்து நின்றான்.

"மகாராஜா, தளவாய் கணக்கைச் சோதித்துவிடலாம். தாங்கள் போகிற முறைப்படியே ஒரு புறாவை அனுப்புவோம். அது மூன்று நாளில் போய்ச் சேர்ந்தால் என் வீட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்."

ராஜா சம்மதித்தார். கூண்டில் நெல்லிக்காவூர்ப் புறா ஒன்று மிச்சமிருந்தது. அதை அனவரதன் பொறுப்பில் கொடுத்தார்கள்.

அன்று வியாழக்கிழமை, தெற்கே சூலம். புறா புறப்படவில்லை. மறுநாள் நல்ல நேரம் வருவதற்குள் யாரோ தும்மித் தொலைத்தார்கள். அதற்கடுத்த நாள் ஆரத்தி சுற்றி, மேளம் கொட்டி, கூண்டை எல்லைக் கோயில் வரைக்கும் கொண்டுபோய்த் தேங்காய் உடைத்தால் அது அழுகல். திரும்பி வந்தாயிற்று. ஒருவழியாக முதல் கிராமத்தை அடைந்தபோது ஊர்த்தலைவர் கூண்டுக்குப் பரிவட்டம் கட்டி உட்கார வைத்துவிட்டார். ராஜா எந்த ஊரிலும் உபசாரத்தை மறுத்ததில்லை, ஆகவே புறாவும் மறுக்கக்கூடாது என்றான் அனவரதன். நெய்ப்பொங்கலும் கடலையும் வேளை தவறாமல் நடந்தன.

ஒன்பதாம் நாள் பொறுமையிழந்த ராஜா, புறாவைச் சபைக்குக் கொண்டுவரச் சொன்னார். தாமே கூண்டைத் திறந்துவிட்டார். புறா மெல்ல வெளியே வந்தது. இரண்டு தடவை சிறகடித்தது. பிறகு சிம்மாசனத்தின் கால் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

"என்னய்யா, பறக்க மாட்டேன் என்கிறதே?"

"பறந்தால் கால் பொழுதில் போய்விடும், மகாராஜா. ஆனால் உபசாரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. இனி இதைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும்."

"தூக்கிப் போகச் சொல்லேன்."

"சொல்லலாம். தூக்குகிறவர்கள் கொட்டடியில் இருக்கிறார்கள்."

ராஜா புறாவின் தொப்பையைப் பார்த்தார். குனிந்து தம் தொப்பையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்புறம் சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார். நாலு பேரையும் அப்போதே விடுவித்து, நிலத்தோடு ஆளுக்கொரு பசுவும் கொடுத்தார். அனவரதனுக்குப் பொன்னாடை கிடைத்தது.

தளவாய்க்கும் ஒரு வேலை கிடைத்தது. புறாவை நெல்லிக்காவூரில் சேர்க்கிற பொறுப்பு அவருடையது. நடந்தேதான் போகவேண்டும், அதுவும் மூன்றே நாளில்.