குகைக்குள் நான்கு கற்கள்

கருவேங்கை மலையைச் சுற்றி வர நான்கு நாள் ஆகும். வருஷத்துக்கு நாலைந்து பேர் நடந்தால் அதிகம். பாதி வழியில் ஒரு குகை. அங்கே தங்குகிறவர்கள் இருக்கும் விறகை எரித்துக் குளிர்காய்ந்துவிட்டு, அடுத்து வருகிறவர்களுக்கு ஒரு கட்டு வைத்துவிட்டுப் போவது வழக்கம்.

இரண்டாம் நாள் மாலை, கொட்டும் மழையில் இரண்டு பேர் அங்கே வந்து சேர்ந்தார்கள். மாசிலாமணி சாமிக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் வடிவம்மைக்கு அறுபத்திரண்டு. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. விரல்கள் மடங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் நான் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

மூலையில், நான்கு கற்களின் மேல், காய்ந்த விறகுக்கட்டு இருந்தது. சாமி அவிழ்த்து ஒரே குச்சியில் பற்றவைத்தார்.

விரல் மடங்கிய பிறகுதான் வடிவம்மை, விறகைக் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். மஞ்சள் சேலைக் கிழிசல்.

“சாமி, இது போன வருஷம் நான் வைத்த கட்டு.”

“பரவாயில்லையே. உங்கள் விறகு உங்களுக்கே உதவிவிட்டது.”

“இல்லை சாமி. நான் கல் வைக்கவில்லை. மழைக்கு முன்னால் இறங்கிவிட வேண்டுமென்று தரையில் போட்டுவிட்டு ஓடினேன். தண்ணீர் ஊறுகிற தரை.”

சாமி கட்டிலிருந்து ஒரு விறகை உருவி நீட்டினார். அதன் நுனி மட்டும் கருகியிருந்தது. தரையில் பத்துப் பன்னிரண்டு தீக்குச்சிகள் கிடந்தன.

யாரோ பற்றவைத்துப் பார்த்திருக்கிறார். ஈர விறகு பிடிக்கவில்லை. குளிரிலேயே கிடந்துவிட்டு, போகும்போது கல் பொறுக்கி வந்து, கட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.



காலையில் மழை விட்டிருந்தது.

“கீழே போனதும் விசாரிக்கிறேன் சாமி. அவருக்கு நன்றி சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.”

“என்ன சொல்வீர்கள், தாசில்தாரம்மா?”

“நீங்கள் வைத்த கல்லால் பிழைத்தேன் என்பேன்.”

“நீங்கள் வைத்த விறகால் நடுங்கினேன் என்பாரே.”

வடிவம்மைக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது.

“பின்னே, யாரிடம்தான் சொல்வது?”

சாமி வெளியே போய், முறிந்து கிடந்த ஒரு கிளையை இழுத்து வந்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தணலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

“இது காய ஒரு பகல் ஆகும். இன்றைக்கு அவசரமில்லையே, அம்மா?”