வானத்தைத் தாங்கியவர்கள்

அந்தக் காலத்தில், குருவி பேசினால் சாமியும் காதுகொடுத்துக் கேட்ட காலத்தில், கிரேக்கக் கடலின் மேற்குக் கரையில் அட்லஸ் என்னும் ராட்சதச் சாமி வானத்தைத் தோளில் சுமந்து நின்றான். அவன் காலடிக் கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவியும் அவள் புருஷனும் முட்டையிட்டுக் குடியிருந்தார்கள்.

ஜனங்கள் புதிய சாமியைக் கும்பிடத் தொடங்கினார்கள். பழைய கோயில்களை ஆட்டுக்கொட்டில் ஆக்கினார்கள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடும்வரைதான் பழைய சாமிகளுக்குப் பலம். அட்லஸின் முழங்கால் நடுங்கியது.

"என் பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லை, தாயே. முட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விடு" என்றான்.

"வானம் இல்லாத இடத்துக்கா போவது, சாமி?" என்றாள் குருவி.

புருஷன் மல்லாந்து படுத்து, குச்சிக் கால்களை மேலே நீட்டினான். "நீ போய் சாமி பேர் சொல்ல ஆள் தேடு. வரும்வரை நானும் ஒரு கை தாங்குகிறேன்." நண்டுகள் சிரித்தன. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பறந்தாள்.

ஊர் ஊராகக் கெஞ்சினாள். பழைய பெயரைச் சொன்னால் ஊரைவிட்டுத் தள்ளிவைப்பார்கள் என்று எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் மெலிதா என்ற எலும்பு வைத்தியக்காரி வீட்டில் இறங்கினாள். ஒரு வயதாகியும் தலை நிற்காத மகனை மடியில் வைத்துக்கொண்டு அவள் கலங்கியிருந்தாள். குருவி அட்லஸின் கதையைச் சொன்னாள்.

"நான் அவனைக் கும்பிட மாட்டேன்" என்றாள் மெலிதா.

"கும்பிட வேண்டாம், அம்மா. கூப்பிட்டால் போதும். உன் பிள்ளைக்கு இந்தத் தலைதான் வானம்."

மெலிதா கழுத்தின் உச்சி எலும்பில் விரலை வைத்து, "அட்லஸ்" என்றாள். பிள்ளைக்குத் தலை நின்றது. அந்தப் பெயரை அவள் மற்ற வைத்தியர்களுக்கும் சொன்னாள்.

குருவி திரும்பியபோது அட்லஸ் நிமிர்ந்து நின்றான். புருஷன் கால்களை நீட்டியபடியே கிடந்தான். எழுப்பினாள், அசையவில்லை.

"என் பேர் காதில் விழுமுன்னே நான் முட்டிபோட்டுவிட்டேன், தாயே. அவன் படுத்திருந்த பக்கம் மட்டும் வானம் இறங்கவில்லை" என்றான் அட்லஸ். அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு முட்டைகள்மேல் போய் உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான் கும்பிட ஆளற்ற சாமிகளின் பெயர்கள் கோளுக்கும் உலோகத்துக்கும் வந்து சேர்ந்தன. தலையைத் தாங்கும் எலும்பை எந்த நாட்டு வைத்தியரும் அட்லஸ் என்கிறார். கூடவே தாங்கிய அந்த ஆண் குருவியின் பெயரை மட்டும் எவரும் எதற்கும் வைக்கவில்லை. அவன் பிள்ளைகள்தான் இன்றும் வானத்துக்குக் கால் நீட்டிப் படுக்கிறார்கள்.