எண்ணூறு மீட்டர் கோட்டில் ஒருத்தி

மாநிலப் போட்டி ஒன்றில் நடந்தது இது. எண்ணூறு மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். ஏழு பேர் கோச் தனசிங்கம் வளர்த்தவர்கள். எட்டாவது ஆள் லூர்துமேரி, உப்பளத் தொழிலாளியின் மகள். ஒரே வருஷத்தில் அவள் வேகம் கூடியிருந்தது.

தனசிங்கம் தடகளச் சங்கச் செயலாளரிடம் போய், "ஊசி போடாம இவ்வளவு சீக்கிரம் இப்படி ஓட முடியுமா?" என்றார்.

செயலாளர் அவளை எல்லார் முன்னாலும் கூப்பிட்டார். "மருந்து எடுக்கலைன்னு இப்பவே நிரூபி. இல்லேன்னா உன் பேரை அடிச்சிருவேன். இனி எந்த மைதானத்திலயும் ஓட முடியாது."

"இப்பவே எப்படி சார்?"

"அது உன் பாடு."

லூர்துமேரி அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள். "ஊக்கமருந்து சோதனைக்காரங்க வாசலுக்கு வந்துட்டாங்கன்னு மைக்கில சொல்லுங்க சார். நான் ஓடிப்போனா பேரை அடிச்சிருங்க."

செயலாளர் சிரித்துக்கொண்டே மைக்கில் சொன்னார்.

உடனே ஒருத்திக்கு வயிற்றுவலி வந்தது. இன்னொருத்திக்குக் கால் பிடித்துக்கொண்டது. கழிப்பறைக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை. மிச்சப் பேர் ஸ்பைக்ஸ் ஷூவோடு பின்சுவர் ஏறிக் குதித்தார்கள்; அதில் சின்னவள் அழுதுகொண்டே குதித்தாள். தனசிங்கத்தின் காரும் கிளம்பிவிட்டது.

கோட்டில் லூர்துமேரி மட்டும் நின்றாள்.

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "நீ ஓடும்மா. இது வெளியே போக வேண்டாம்."

"ஓடறேன் சார். நான் முடிக்கறதுக்குள்ள நிஜமாவே அவங்களை வரச் சொல்லுங்க. அழுதுட்டுப் போனாளே, அவ உடம்புல என்னத்தை ஏத்தியிருக்காங்கன்னு அவளுக்காவது தெரியணும்."