பெயருக்கு முன்னால் குணம் வந்து நின்றது ஏன்

அந்தக் காலத்தில், விலங்குகளும் பறவைகளும் நம்மைப் போலவே பேசித் திரிந்தபோது, எல்லாரும் முதலில் பெயரைத்தான் சொல்வார்கள். அது எப்படிப்பட்டது என்பது பின்னால்தான் வரும். "ஆழமான கிணறு" என்று ஒருவரும் சொன்னதில்லை. "கிணறு ஆழமான" என்பார்கள். "இலை பெரிய போடுங்கள், பாயசம் சூடான ஊற்றுங்கள்" என்பார்கள். யாருக்கும் அவசரம் இல்லாததால் அந்தப் பேச்சு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

ஏரிக்கரையில் ஆட்காட்டிப் பறவைக்குக் காவல் வேலை. யார் வந்தாலும் கரைமேல் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பழக்கம் உண்டு. பெயரைச் சொன்னதும் நெஞ்சை நிமிர்த்தி ஒரு மூச்சு வாங்கும். மிச்சத்தை அப்புறம்தான் சொல்லும்.

செவியன் என்ற முயல் தன் மகளுக்கு ஏரிக்கரையிலேயே கல்யாணம் வைத்தது. ஊரையே அழைத்திருந்தது. காட்டின் மறுகோடியில் பல் எல்லாம் கொட்டிப்போய், கஞ்சி குடித்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்த ஒரு கிழப்புலிக்கும் அழைப்புப் போயிருந்தது.

மாப்பிள்ளை மாலையைக் கையில் எடுத்த நேரத்தில் ஆட்காட்டி கத்தியது.

"புலி..."

அது மூச்சு வாங்குவதற்குள் பந்தல் அல்லோலகல்லோலப்பட்டது. விருந்தாளிகள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி ஓடினார்கள். மாப்பிள்ளை மாலையோடு இலந்தைப் புதருக்குள் பாய்ந்துவிட்டான்.

"...பல்லில்லாத" என்று ஆட்காட்டி முடித்தபோது, கிழப்புலி மட்டும் ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தது. காலியான பந்தலைச் சுற்றிப் பார்த்தது.

"நான் சீக்கிரமே வந்துவிட்டேனோ?" என்று கேட்டது.

"இல்லை ஐயா, நேரத்துக்குத்தான் வந்தீர்கள். நான்தான் கொஞ்சம் தாமதம்" என்றது ஆட்காட்டி.

மாப்பிள்ளையின் உடம்பிலிருந்து முள் எடுத்து முடிவதற்குள் முகூர்த்தம் தப்பிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கோபம் தணியவில்லை.

"விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வந்ததும் ஓடிவிட்டார்கள் என்று நாளைக்கு நாலு பேர் பேசுவார்கள். மறுபடி முகூர்த்தம் வைக்கும்போது 'புலி' என்று கேட்டு யாராவது எழுந்தால், இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்றார்.

"முதலில் ஓடியது உங்கள் பையன்தானே, சம்பந்தி?" என்று செவியன் மெல்லக் கேட்டது.

"அவன் ஓடவில்லை. மாலைக்குப் பூ போதவில்லை என்று பறிக்கப் போனான்."

பெண் முகம் வாடி நிற்பதைப் பார்த்துச் செவியன் அதற்குச் சம்மதித்தது. எல்லாருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தது. இந்தத் தடவை 'புலி' என்று கேட்டால் ஒருவரும் அசையக் கூடாது. சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கிழவருக்கு மரியாதை செய்யத் தானே ஒரு மாலையோடு வாசலில் நின்றது.

அடுத்த முகூர்த்தமும் வந்தது. நாணல் அசைந்தது. உள்ளே வரிகள் தெரிந்தன. ஆட்காட்டி சந்தோஷமாக வாயைத் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. வந்தது கிழவர் இல்லை. வாய் நிறையப் பல்லும், ஒட்டிய வயிறுமாக வேறொரு இளம்புலி.

'புலி' என்று சொன்னால் எல்லாரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். செவியன் மாலையைத் தூக்கிக்கொண்டு எதிரே போகும். மிச்சத்தைச் சொல்ல இன்னொரு மூச்சு வாங்கும் நேரத்தில் மாலைக்குக் கழுத்து இருக்கும், மாலை பிடித்த கைதான் இருக்காது. அதுவரை உலகத்தில் யாரும் செய்யாததை ஆட்காட்டி செய்தது. பின்னால் வர வேண்டியதைப் பிடித்து முன்னால் இழுத்துப் போட்டது.

"பசித்த..."

பந்தலில் எல்லாரும் திகைத்தார்கள். தலையில்லாத இப்படி ஒரு பேச்சை அவர்கள் கேட்டதே இல்லை. யார் பசித்த? எது பசித்த? யோசித்துக்கொண்டிருக்கும்போதே கால்கள் தாமாக எழுந்துவிட்டன. உட்கார்ந்திருக்கச் சொன்னது 'புலி'க்குத்தான், 'பசித்த'வுக்கு இல்லை. முதலில் வளைக்குள் புகுந்தவர் சம்பந்திதான். செவியன் மகளை இழுத்துக்கொண்டு கடைசியாகப் போனது.

"...புலி" என்று ஆட்காட்டி முடித்தபோது கேட்க அங்கே ஆளில்லை.

இளம்புலி பந்தலுக்குள் வந்து இலைகளை முகர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கிழப்புலி மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"முயல்கள் எங்கே?" என்றது இளம்புலி.

"என்னைப் பார்த்தாலே ஓடிவிடுவார்கள், தம்பி. மனசில் வைத்துக்கொள்ளாதே. உட்கார், பாயசம் இருக்கிறது."

இளம்புலி ஒரு நக்கு நக்கிப் பார்த்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு காடு தேடிப் போனது. கிழவர் வளைவாசலில் காவலுக்குப் படுத்துக்கொள்ள, உள்ளே இருட்டில் தாலி கட்டினார்கள்.

மறுநாள் எல்லாரும் கூடினார்கள். இனிமேல் குணத்தை முன்னால் சொல்வோம், பெயர் பின்னால் வரட்டும் என்று செவியன் சொன்னது.

முள்ளம்பன்றிப் பண்டிதர் சிலிர்த்துக்கொண்டார். "வாலை முன்னால் விட்டுத் தலை பின்னால் நடப்பதா? நான் ஒருநாளும் அப்படிப் பேசமாட்டேன்."

"சரிங்க பண்டிதரே. கிழங்கு சாப்பிடுகிறீர்களா? வெந்த கிழங்கும் இருக்கிறது, வேகாத கிழங்கும் இருக்கிறது" என்றது செவியன்.

"வெந்த கிழங்கு" என்றார் பண்டிதர். அதோடு சபையில் முடிவாயிற்று.

ஒரு பெருச்சாளிக்கு மட்டும் சந்தேகம். "வருவது இன்னதென்றே தெரியாவிட்டால்? பெயரே இல்லாத இடத்தில் என்ன செய்வது?"

"அப்போதும் இப்படித்தான். 'பயங்கரமான ஏதோ ஒன்று' என்பேன்" என்றது ஆட்காட்டி.

பனிக்காலத்துக்கு மேற்கே ஆங்கில நாட்டிலிருந்து வந்திருந்த உள்ளான் குருவி ஒன்றும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. ஊர் திரும்பியதும், கேட்டதையெல்லாம் அங்கிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் விருந்துச் சாப்பாட்டின் மயக்கத்தில் அது நடுவில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டது.

நம் பேச்சில் குணம் முன்னாலும் பெயர் பின்னாலும் நடப்பது அந்தக் கல்யாணத்திலிருந்துதான். ஆங்கிலத்திலும் 'ஸ்பெஷல் டீ' என்று அதே வரிசையில்தான் வருகிறது. 'ஏதோ ஒன்று' என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும், 'சம்திங் ஸ்பெஷல்' என்று குணம் பழையபடி பின்னால் போய் நின்றுகொள்கிறது. பெருச்சாளி கேள்வி கேட்டபோதுதான் உள்ளான் தூங்கிப்போயிருந்தது.